மெமரி கூட்டினேன், ஸ்கோர் ஏன் கூடவில்லை?

கேள்வி: என்னிடம் இருப்பது இன்டெல் 11-ஆம் தலைமுறை கோர் ஐ5 லேப்டாப். அதில் 8 ஜிபி டிடிஆர்4-3200 ராம் ஒன்று மட்டும் இருந்தது. படங்களைத் திருத்துவது என் வேலை. பிரவுசரிலும் முப்பது நாற்பது டேப் திறந்தே இருக்கும். லேப்டாப் அடிக்கடி திணறியதால், காலியாக இருந்த ஸ்லாட்டில் 16 ஜிபி ஸ்டிக் ஒன்றைப் போட்டேன். அது 2666 வேகம் உள்ளது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பிராசசர் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் 6 மென்பொருளில் சிங்கிள் கோர் 1,820 இருந்தது இப்போது 1,795. மல்டி கோர் 4,870 இருந்தது 5,120. மெமரி வேகம் நொடிக்கு 22 ஜிபியில் இருந்து 36 ஆனது, ஆனால் ஒரு முறை மட்டும் 20 என்று காட்டியது. லேட்டன்சி 84 நானோ நொடியில் இருந்து 91-க்கு ஏறிவிட்டது. கிராபிக்ஸ் ஸ்கோர் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. கிராபிக்ஸின் பெயரே 'யுஎச்டி' என்பதிலிருந்து 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று மாறிவிட்டது! மெமரி மூன்று மடங்கு ஆகியும் ஸ்கோர் ஏன் இப்படி? விண்டோஸ் 7-இல் மெமரி போட்டால் ரேட்டிங் ஏறும் என்கிறார் அண்ணன். திருப்பிக் கொடுக்க இன்னும் சில நாள் இருக்கிறது. கொடுத்துவிடவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் இருக்கிறது, பெயர் மாறியதற்கும் சேர்த்து. லேப்டாப்பில் யாரும் கை வைக்கவில்லை. ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய ஒரு சோதனை இருக்கிறது. அது நீங்கள் ஓட்டிய எந்த ஸ்கோரிலும் வராது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெஞ்ச்மார்க்கை, அதாவது ஸ்கோர் தரும் இந்த வேகச் சோதனைகளை, எப்படி ஓட்டச் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற புரோகிராம்களை எல்லாம் மூடிவிட்டு ஓட்டுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். நாற்பது டேப்பையும் மூடியாயிற்று, படம் திருத்தும் மென்பொருளையும் மூடியாயிற்று. அந்த நிலையில் பழைய 8 ஜிபியே போதும், அதிலேயே கொஞ்சம் மிச்சம் இருக்கும். சோதனைக்கு வேண்டிய இடம் முன்பும் கிடைத்தது, இப்போதும் கிடைக்கிறது. கூடுதலாக வந்த 16 ஜிபியை அது கேட்கவே இல்லை. உங்கள் லேப்டாப் திணறிய சூழ்நிலையை முழுவதும் அகற்றிவிட்டு எடுத்த எண் அது. நீங்கள் காசு கொடுத்தது அந்தத் திணறலைப் போக்க. அந்த மாற்றத்தை இந்த எண்ணில் தேடினால் கிடைக்காது.

மெமரியில் இரண்டு சங்கதி உண்டு. எவ்வளவு கொள்ளும் என்பது ஒன்று, எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் வாங்கும் என்பது இன்னொன்று. நீங்கள் வாங்கியது கொள்ளளவு. ஸ்கோர்கள் அளப்பது பெரும்பாலும் வேகத்தை. அந்த வேகமும் உங்கள் விஷயத்தில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் லேசாக இறங்கியிருக்கிறது. அதனால்தான் எண்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன.

22 எப்படி 36 ஆனது என்று பார்ப்போம். 3200 என்றால் நொடிக்கு 320 கோடிப் பரிமாற்றம். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 8 பைட் போகும். பெருக்கினால் நொடிக்கு 25.6 ஜிபி. ஒற்றை ஸ்டிக் இருந்தபோது உங்கள் லேப்டாப்பின் உச்ச வரம்பு அதுதான். நடைமுறையில் வரம்பை முழுவதும் எட்ட முடியாது. 22 கிடைத்தது நியாயமான அளவு.

இப்போது 2666 ஸ்டிக் பக்கத்தில் வந்துவிட்டது. வேகம் வேறுபட்ட இரண்டு ஸ்டிக் சேர்ந்தால், இரண்டுக்கும் பொருந்தும் வேகத்துக்கு, அதாவது மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு, எல்லாமே இறங்கிவிடும். உங்கள் பழைய 3200 ஸ்டிக்கும் இப்போது 2666-இல்தான் ஓடுகிறது. 2666-இன் வரம்பு ஸ்டிக்குக்கு 21.3 ஜிபி. ஆனால் இரண்டு ஸ்லாட்டிலும் ஸ்டிக் இருப்பதால் பிராசசர் இரண்டு சானல் வழியாக, அதாவது மெமரிக்குப் போகும் இரண்டு பாதை வழியாக, ஒரே நேரத்தில் எடுக்கிறது. அப்போது வரம்பு 42.6. அதில் 36 வந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்டிக்கின் வேகமும் குறைந்தும், மொத்தமாகப் பாயும் அளவு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. இது நல்ல செய்தி.

சிபியு-இசட் போன்ற மென்பொருளில் பார்த்தால் மெமரி வேகம் 1333 என்று தெரியும். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு பரிமாற்றம் நடப்பதால்தான் அதற்கு டிடிஆர் (டபுள் டேட்டா ரேட்) என்று பெயர். 1333-ஐ இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு சந்தேகத்தோடு என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் அந்த ஒற்றை 20. நீங்கள் அதைக் கவனித்து எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. பலர் ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு அந்த எண்ணை வைத்துக்கொண்டு கவலைப்படுவார்கள். உங்களிடம் ஒரு சானலில் 8 ஜிபி, மறு சானலில் 16 ஜிபி. இரண்டும் சமம் இல்லை. இப்படி இருந்தால் 8-க்கு 8 என்று ஜோடி சேர்த்து, 16 ஜிபி வரை இரட்டைச் சானலாக ஓடும். ஜோடி இல்லாமல் மிஞ்சும் 8 ஜிபி ஒற்றைச் சானலாக ஓடும். இன்டெல் இதை ஃப்ளெக்ஸ் என்று அழைக்கிறது. சோதனை மென்பொருளுக்கு விண்டோஸ் எந்தப் பகுதியில் இடம் கொடுக்கிறதோ, அதைப் பொறுத்து எண் மாறும். ஜோடிப் பகுதியில் விழுந்தபோது 36. மிஞ்சிய பகுதியில் விழுந்தால் வரம்பே 21.3 தான், அதில் 20 என்பது கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஸ்டிக் கெட்டதற்கான அடையாளமாக இதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கிராபிக்ஸ் கூடியதும் இதே காரணத்தால்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதற்கென்று சொந்த மெமரி இருக்கும். உங்களுடையது பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், அதற்குச் சொந்த மெமரி கிடையாது. நீங்கள் போட்ட ராமில் இருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். கிராபிக்ஸ் வேலைக்கு ஒரே நேரத்தில் ஏராளமான தரவு பாய வேண்டும், ஒற்றைச் சானல் அதற்குத் தாகம் தீர்க்காது. இரண்டாவது சானல் திறந்ததும் அது மூச்சு விட்டிருக்கிறது.

பெயர் மாறியதற்கு இன்டெல் வைத்திருக்கும் விதிதான் காரணம். ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயர் வர, அந்தப் பெயருக்கு உரிய பிராசசர் இருந்தால் மட்டும் போதாது, மெமரியும் இரட்டைச் சானலில் ஓட வேண்டும். ஒற்றை ஸ்டிக் இருக்கும் வரை அதே சிப் தன்னை யுஎச்டி கிராபிக்ஸ் என்றே சொல்லிக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பில் இத்தனை நாளும் இருந்தது இதே சிப்தான். மெமரி மாற்றியதால் உங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய வேக லாபம் என்று நான் இதைத்தான் சொல்வேன். 16-க்குப் பதிலாக 8 ஜிபி போட்டிருந்தாலும் இது கிடைத்திருக்கும்.

சரி, குறைந்த எண்ணுக்கு வருவோம். 1,820 போய் 1,795 என்றால் வித்தியாசம் 25. நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. ஒரே லேப்டாப்பில் எதையும் மாற்றாமல் காலையிலும் மாலையிலும் ஓட்டினாலே இந்த அளவுக்கு ஆடும். மெல்லிய லேப்டாப்புகளில் சூடு ஏற ஏற பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஓட்டத்தில் வரும் எண் மூன்றாவது ஓட்டத்தில் வராது. சார்ஜர் செருகியிருந்ததா, பவர் மோடு எதில் இருந்தது, பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்ததா, எல்லாமே எண்ணை அசைக்கும். 'முன்' எண்ணையும் 'பின்' எண்ணையும் ஒரே நாளில், ஒரே நிலையில் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முன் எண் சில மாதங்களுக்கு முன்பு எடுத்தது என்றால் இந்த 25-ஐ மறந்தேவிடலாம்.

அது தற்செயல் இல்லை, உண்மையான குறைவுதான் என்று வைத்துக்கொண்டாலும் காரணம் லேட்டன்சிதான். லேட்டன்சி என்பது கேட்டதிலிருந்து முதல் பைட் வந்து சேரும் வரை காத்திருக்கும் நேரம். சானலை இரட்டிப்பாக்கினால் ஒரு நொடிக்கு வந்து சேரும் அளவு கூடும், முதல் பைட்டுக்கான காத்திருப்பு குறையாது. உங்களுக்கு மெமரியின் துடிப்பு 3200-இல் இருந்து 2666-க்கு இறங்கியதால் 84 என்பது 91 ஆகியிருக்கிறது. ஒற்றை கோர் வேலைகளில் ஒரே நேரத்தில் பெரிய அளவில் தரவு பாய்வது குறைவு, காத்திருப்பதே அதிகம். அதனால் சிங்கிள் கோர் ஸ்கோருக்கு இரண்டாவது சானலால் லாபம் இல்லை, கூடிய காத்திருப்பால் சின்ன நட்டம். மல்டி கோரில் எல்லா கோரும் ஒன்றாக மெமரியைக் கேட்பதால் அங்கே சானல் கைகொடுத்தது. 4,870-இல் இருந்து 5,120 என்பது நூற்றுக்கு ஐந்து.

ஸ்டிக்கின் லேபிளில் சிஎல் என்று ஒரு எண் இருக்கும், அதையும் பாருங்கள். பொதுவாக லேப்டாப்பில் வரும் 3200 ஸ்டிக் சிஎல்22, 2666 ஸ்டிக் சிஎல்19. 22 பெரிது, 19 சிறிது, அப்படியானால் 2666 வேகமானதா என்று சிலர் கேட்பார்கள். தரவு வரும் வரை ஸ்டிக் எடுத்துக்கொள்ளும் துடிப்புகளின் எண்ணிக்கை அது. 3200-இல் ஒரு துடிப்பு குறுகியது, 22 துடிப்புக்கு 13.75 நானோ நொடி. 2666-இல் 19 துடிப்புக்கு 14.25 நானோ நொடி. சிப் அளவில் வித்தியாசம் அரை நானோ நொடி. உங்கள் சோதனை காட்டிய 84, 91 எல்லாம் பிராசசரில் கிளம்பி மெமரி வரை போய்த் திரும்பும் முழு வழியையும் சேர்த்தது. மெமரியின் துடிப்பு இறங்கும்போது அந்த வழியில் இருக்கும் மெமரி கட்டுப்பாட்டுப் பகுதியும் கூடவே மெதுவாவதால் இடைவெளி ஏழாகத் தெரிகிறது.

கீக்பெஞ்ச் 6-இன் எண் எதைக் குறிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்டெல் கோர் ஐ7-12700 பிராசசருக்கு 2,500 என்று வைத்து, மற்றதை எல்லாம் அதோடு ஒப்பிட்டுத் தருகிறார்கள். உங்கள் 1,800 அதில் ஏறத்தாழ நூற்றுக்கு 72. இது பிராசசரைப் பற்றிய மதிப்பெண். பழைய கீக்பெஞ்ச் 5-க்கு அடிப்படை அளவு வேறு என்பதால், 5-இல் எடுத்த எண்ணையும் 6-இல் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. வேறு யாரோ போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு மனம் வருந்துவதும் வேண்டாம். அவருடைய லேப்டாப்பின் மின் வரம்பும் விசிறியும் வேறு.

அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் நினைவில் இருப்பது வேறு வகை அளவுகோல். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த அந்த ரேட்டிங் முதலில் 1.0 முதல் 5.9 வரை இருந்தது. விண்டோஸ் 7-இல் 7.9 வரை, விண்டோஸ் 8-இல் 9.9 வரை போனது. 8.1-இல் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். அதில் மெமரிக்கான எண் வேகத்தை வைத்துக் கணக்கிடப்பட்டாலும், மொத்த மெமரி குறைவாக இருந்தால் குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் ஏறாதபடி உச்சவரம்பு போட்டிருந்தார்கள். மெமரி கூட்டியதும் வரம்பு விலகி எண் குதிக்கும். அண்ணன் பார்த்தது அதைத்தான். உங்கள் சோதனைகளில் அப்படி ஒரு வரம்பு இல்லை, அதனால் குதிப்பும் இல்லை.

அந்த ரேட்டிங்கிலும் எல்லோருக்கும் ஒரு ஏமாற்றம் காத்திருந்தது. மொத்த மதிப்பெண் என்று பெரிதாகக் காட்டியது சராசரி இல்லை, ஐந்து பகுதிகளில் எது மிகக் குறைவோ அந்த எண். விண்டோஸ் 7-இல் சுழலும் ஹார்ட் டிஸ்க் 5.9-ஐத் தாண்டுவது அரிது. மெமரியை எவ்வளவு கூட்டினாலும் மொத்த எண் 5.9-இலேயே நின்றுவிடும். மெமரியில் ஏதோ குறை என்று அப்போதும் பலர் கடைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

இப்போது உங்களுக்கு உண்மையிலேயே தேவையான அளவுக்கு வருவோம். எதையும் மூடாதீர்கள். வழக்கமாக வேலை செய்யும் ஒரு நாளில், டேப்புகள் திறந்திருக்க, படங்கள் ஏறியிருக்க, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். அங்கே 'கமிட்டட்' என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண், திறந்திருக்கும் புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து விண்டோஸிடம் உறுதி வாங்கிக்கொண்ட மெமரி. உங்கள் வேலையின் நடுவில் அது 14 என்றோ 17 என்றோ இருந்தால், 8 ஜிபியோடு நீங்கள் இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்பது புரிந்துவிடும். மிச்சத்தில் ஒரு பகுதியை விண்டோஸ் சுருக்கி வைத்திருக்கும், இன்னொரு பகுதியை, கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்குக்குத் தள்ளியிருக்கும்.

எஸ்எஸ்டிக்குத் தள்ளிய தரவு திரும்பத் தேவைப்படும்போதுதான் அந்தத் திணறல் வருகிறது. மெமரியில் இருந்து எடுக்க உங்களுக்கு 91 நானோ நொடி ஆகிறது. நல்ல எஸ்எஸ்டியில் இருந்து எடுக்கக்கூட பல்லாயிரம் நானோ நொடி ஆகும், சுமாராக ஆயிரம் மடங்கு. 84-க்கும் 91-க்கும் இடையில் இருக்கும் ஏழு நானோ நொடியை நினைத்து நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஆயிரம் மடங்குக் காத்திருப்பைத்தான் புது ஸ்டிக் உங்களிடமிருந்து எடுத்துவிட்டது.

அதையும் எண்ணாகப் பார்க்கலாம். விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, மெமரிப் பகுதிக்குப் போங்கள். 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்று ஒரு கோடு ஓடும். பெயரைப் பார்த்து வன்பொருள் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். தேவையான தரவு மெமரியில் இல்லாமல் டிஸ்கில் இருந்து எடுக்க வேண்டியிருந்தது என்பதே அதன் பொருள். ஒரு புரோகிராமைப் புதிதாகத் திறக்கும்போது அது ஏறுவது இயல்பு. ஏற்கெனவே திறந்திருக்கும் டேப்புக்கும் படத்துக்கும் இடையே மாறும்போதெல்லாம் அது நூற்றுக்கணக்கில் எகிறினால் இடம் போதவில்லை என்று அர்த்தம். முடிந்தால் பழைய ஸ்டிக் மட்டும் வைத்து ஒரு நாள், இரண்டும் வைத்து ஒரு நாள், ஒரே வேலையைச் செய்து இதைப் பாருங்கள். ஒரு கடிகாரமும் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது படங்களைத் திறந்து, திருத்தி, சேமித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைவிடப் பொருத்தமான பெஞ்ச்மார்க் உங்களுக்கு வேறு இல்லை.

ஒன்று பார்ப்பீர்கள்: எதுவுமே திறக்காமல் இருக்கும்போதுகூட முன்பைவிட அதிக மெமரி செலவாவதாகத் தெரியும். அது வீணாவதில்லை. இடம் இருப்பதால் விண்டோஸ் சுருக்காமல், தள்ளாமல் வைத்திருக்கிறது. தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும்.

திருப்பிக் கொடுப்பது பற்றி. கூடுதல் செலவில்லாமல் அதே 16 ஜிபியை 3200 வேகத்தில் மாற்றித் தருகிறார்கள் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். லேட்டன்சி பழையபடி வந்துவிடும், இரட்டைச் சானலின் வரம்பும் 51.2 ஜிபிக்கு ஏறும். அதற்குப் பணம் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். கிராபிக்ஸில் ஓரளவு தெரியும், படத் திருத்தத்தில் கைக்குத் தெரியாது. இரண்டு ஸ்டிக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக 16-ஐக் கொடுத்து 8 வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்கோர் கொஞ்சம் அழகாக வரும், இடம் 16 ஜிபியாகச் சுருங்கும். உங்கள் வேலைக்கு அது பின்னோக்கிய அடி.

உங்களைப் போல இதைப் படிக்கும் வேறு யாராவது டெஸ்க்டாப்பில் மெமரி மாற்றியிருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் 3600 என்று போட்டிருந்தும் 2133-இலோ 2400-இலோ ஓடினால், கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புத் திரையில், மெமரியை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கவில்லை என்று பொருள். ஏஎம்டி டிடிஆர்5 போர்டுகளில் அதை எக்ஸ்போ என்பார்கள். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் இறங்குவதும் உண்டு. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அளவு இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கு ஸ்டிக்கில் 3600.

இப்போது முதலில் சொன்ன அந்தச் சோதனை. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவருடைய கணினிக்கு நானே மெமரி மாற்றினேன். ஸ்கோர் நன்றாக ஏறியது. அதைப் பார்த்துத் திருப்தியாகி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவர் திரும்ப வந்தார். சுருக்கி வைத்த கோப்புகள் திறக்கவில்லை, சில படங்களில் பாதிக்குக் கீழே நிறம் சிதறிக் கிடந்தது. நான் போட்ட ஸ்டிக் ஒன்றில் பிழை. அந்த மூன்று வாரத்தில் அவர் எடுத்த பேக்கப்பிலும் கெட்ட கோப்புகளே போயிருந்தன. சிலவற்றை மீட்க முடியவில்லை. அது என்னை இன்னும் உறுத்துகிறது. ஒரு பிட் தவறாக வரும் மெமரியும் அதே வேகத்தில்தான் ஓடும், ஸ்கோரில் ஒரு புள்ளிகூடக் குறையாது.

அதனால் இன்று இரவே, மெமரியில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கி, சார்ஜரைச் செருகிவிட்டு, ஓட விடுங்கள். 24 ஜிபிக்கு நான்கு சுற்றும் முடியப் பல மணி நேரம் ஆகும். காலையில் பிழை பூஜ்யம் என்று இருந்தால் ஸ்டிக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ஸ்டிக்கை ஒரு முறை கழற்றிச் சரியாக அழுத்திப் பொருத்தி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பிழை வந்தால் புது ஸ்டிக்கை மட்டும் வைத்து ஒரு முறை, பழையதை மட்டும் வைத்து ஒரு முறை ஓட்டுங்கள், எதில் என்று தெரிந்துவிடும். புதியதில் என்றால் அவகாசம் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது வரை முக்கியமான படங்களைத் திருத்திச் சேமிக்க வேண்டாம்.